கல்லில் நின்ற பெயரும் தட்டில் நின்ற குரலும்

உலகத்துக் கலைகள் பலவற்றுள்ளும் தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது இசையே. சிற்பி செதுக்கிய கல் அவனுக்குப் பின்னும் நிற்கும். ஓவியன் தீட்டிய சுவர் மங்கினும் சிலகாலம் நிற்கும். புலவன் செய்த பாட்டோ ஏட்டினும் நாவினும் ஏறி நெடுங்காலம் வாழும். பாடுவோன் குரலும் குழலோன் மூச்சும் அவ்வாறு நில்லா. கேட்டார் செவியில் ஒருகால் புகுந்து, அவர் நினைவில் சிலநாள் தங்கி, அவர் மறையத் தாமும் மறையும். ஆதலின் இசைவாணரை நினைத்தல் ஏனைக் கலைஞரை நினைத்தல் போல எளிதன்று. நம் முன்னோர் இசைவாணரை எவ்வெவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதையும், கிராமபோன் என்னும் பாடும் பொறி வந்தபின் அந்நினைவு எவ்வாறு மாறிற்று என்பதையும், அதனால் நமக்கு இன்று உண்டாகிய கடமை யாது என்பதையும் ஈண்டு முறையே ஆராய்வோம்.

முதற்கண் கல்வெட்டை நோக்குவோம். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1014ஆம் ஆண்டை ஒட்டி, அக்கோயிற் சுவரில் நெடும் பட்டியல் ஒன்றைப் பொறிப்பித்தான். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றினின்றும் வருவித்துக் குடியேற்றப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் விவரம் அதில் உள்ளது. இன்ன சிறகு, இத்தனையாம் வீடு, இன்ன ஊர்க் கோயிலினின்று வந்தவள், இன்ன பெயருடையாள் என ஒவ்வொருத்தியையும் தனித்தனியே குறித்து, ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்காக வகுத்தான். நட்டுவம் செய்வார், தமிழ் பாடுவார், ஆரியம் பாடுவார், வீணை வாசிப்பார், சங்கு ஊதுவார் முதலாயினார்க்கும் பங்குகள் உண்டு. ஒருவர் இறந்தாலும் வேற்றூர் சென்றாலும் அவர்க்கு நெருங்கிய உறவினர் அப்பணியை ஏற்க வேண்டும் என்னும் விதியும் உண்டு. இவரன்றித் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யும் பிடாரர் 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவருமாக 50 பேர்க்கு நாடோறும் நெல் அளக்கவும் அவ்வரசன் கட்டளையிட்டான். ஓராயிரம் ஆண்டு கடந்தும் அப்பெயர்கள் கல்லில் நிற்கின்றன. ஆனால் அவருள் ஒருவரேனும் பாடிய ஓர் இசைத்துளியும் நமக்குக் கிட்டிற்றில்லை.

பெயரைப் பொறித்த நாடு இசையையே பொறிக்கவும் முயன்றதுண்டு. புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலைப் பாறையில் ஏழு பகுதிகளாகச் சுரக் கோவைகள் வெட்டப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளைப் படிக்கலாம், அவை எவ்வாறு ஒலித்தன என்று துணிந்து பாடிக் காட்டுதல் அரிது. யாம் வகுப்பில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடஞ் சொல்லுந்தோறும், யாழாசிரியன் அமைதியும் குழலோன் அமைதியும் தண்ணுமையோன் அமைதியும் விரித்துரைத்து முடிக்கும் வேளையில், மாணாக்கருள் ஒருவன் எழுந்து, “ஐயா, அந்த யாழ் எப்படி ஒலித்தது?” என்று கேளாது விடுவதில்லை. விபுலாநந்த அடிகள் யாழின் இலக்கணத்தைப் பன்னாள் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். நரம்பின் தொகையும் சுருதியின் கணக்கும் அந்நூலால் விளங்கும். மாதவியின் விரல் அந்நரம்பைத் தொட்டபோது எழுந்த ஓசையை எந்நூலும் தாராது. அவ்வினாவுக்கு விடை சொல்ல எம்மால் இயலாது, எவராலும் இயலாது.

கல்லும் ஏடும் கைவிட்ட இடத்தில் இசையைக் காத்தது குடிவழியே. திருமுறை கண்ட புராணம் கூறும் வரலாறு இதற்குச் சான்று. மூவர் தமிழ் ஏடுகள் கிடைத்த பின்னும் அவற்றுக்கு உரிய பண்முறை எவர்க்கும் விளங்கிற்றில்லை என்றும், அப்போது திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய ஒரு பெண் பண்களை வகுத்தளித்தாள் என்றும் அந்நூல் கூறும். புராணச் செய்தியே ஆயினும், அதனுள் அடங்கிய உண்மை கருதத்தக்கது. ஏட்டை மீட்டது அரசன் ஆணை. பண்ணை மீட்டது ஒரு பெண்ணின் நா. அப்பெண்ணின் பெயரைப் புராணம் கூறாமையையும் நாம் ஈண்டுக் குறித்துக்கொள்வோமாக.

நிற்க. இனிப் பொறியின் வரலாற்றுக்கு வருவோம். ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவியை அமெரிக்க நாட்டு எடிசன் 1877இல் அமைத்தார். அஃது உருளையில் பதிவது. 1887இல் எமில் பெர்லினர் தட்டையான தட்டில் பதியும் முறையைக் கண்டார். அதுவே கிராமபோன் எனப் பெயர் பெற்றது. 1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையாரின் குரலைப் பதிந்தார். அவ்வம்மையார் ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் தம் பெயரைத் தாமே உரத்துச் சொல்லி முடிப்பார். இந்நாட்டில் பதிந்தவை அக்காலத்தில் செருமானிய நாட்டு ஹானோவர் நகருக்குச் சென்றே தட்டுகளாகித் திரும்பும். மொழி அறியாத அந்நாட்டுத் தொழிலாளர் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டாமல் இருத்தற்கு அக்கூற்று உதவிற்று என்பர். 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை எழுந்தது. தட்டுக்கு முதற்பொருள் அரக்கு. அரக்குப் பூச்சி நம் நாட்டுக் காடுகளில் மிகுதியாக வளர்வது. ஆகவே உலகெங்கும் ஒலித்த தட்டுகளில் பாரத நாட்டு மரங்களின் பங்கும் இருந்தது.

அக்காலத்துப் பதிவு முறை இக்காலத்தார்க்கு வியப்பளிக்கும். ஒலிவாங்கி என்பது அப்போது இல்லை. பாடுவார் பெரிய புனல் போன்ற கொம்பின் வாயருகே முகத்தை வைத்துப் பாடுதல் வேண்டும். அக்குரலின் வேகமே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறும். ஆதலின் உரத்த, தெளிந்த, உச்சக் குரலே நன்கு பதியும். மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் தம்புராவின் ரீங்காரமும் பெரும்பாலும் பதியாமல் ஒழியும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். அரைமணி நேரம் விரித்துப் பாடும் கீர்த்தனத்தை மூன்று நிமிடத்தில் முடித்தாக வேண்டியிருந்ததால், காலம் விரைந்தது, சங்கதிகள் குறைந்தன. இத்தனை இடர்ப்பாடுகளுக்கு இடையிலும் பாடத் துணிந்து முன்வந்தோருள் பலர் தேவரடியார் மரபில் வந்த பெண்டிர். கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம், சேலம் கோதாவரி ஆகிய அம்மையார்களின் குரல்கள் இவ்வாறே தட்டில் ஏறின.

இவருள் கோயம்புத்தூர் தாயி அம்மையார் செய்தி சிறப்பாக அறியத்தக்கது. 1872இல் பிறந்து 1917இல் மறைந்த இவர், தட்டுகளாலேயே தாம் காணாத நாடுகளிலும் கேட்கப்பெற்றார். இராவேல் என்னும் பிரெஞ்சு இசைப் பேராசிரியரின் மாணவரான மோரிஸ் தெலாழ் 1912இல் இந்நாட்டுக்கு வந்தார். தாயி அம்மையாரின் இசைத்தட்டுகளில் அவர் உள்ளம் ஈடுபட்டது. அத்தகைய தட்டு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு ‘இராகமாலிகை’ என்னும் பெயராலேயே பியானோவுக்கு உரிய இசையுரு ஒன்றை அவர் இயற்றினார். பியானோவின் இயல்பான ஒலி அவ்விசைக்குப் பொருந்தாமை கண்டு, குறித்த ஒரு சுரத்தின் கம்பிக்கு அடியில் அட்டையைச் செருகி ஒலியை மழுக்கி வாசிக்குமாறும் விதித்தார். இந்நாட்டுத் தம்புராவையும் மத்தளத்தையும் நெருங்குதற்கு அக்கருவியையே மாற்றத் துணிந்தார் எனலாம். ஒரு நாட்டு இசை மற்றொரு நாட்டார்க்குப் புதிய இசையாகச் சென்று சேர்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நம்மவருள் எத்துணைப் பேர் தாயி அம்மையாரின் பெயரை அறிவர் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்க.

1925இல் மேனாட்டில் மின்சாரப் பதிவு முறை வந்தது. சில ஆண்டுகளில் இங்கும் பரவிற்று. ஒலிவாங்கி வந்தபின் மெல்லிய ஓசையும் தட்டில் அடங்கிற்று. வீணை தனம்மாள் 1867 முதல் 1938 வரை வாழ்ந்தவர். சென்னைச் சியார்ச்சு டவுனில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நிகழும் வாசிப்பைக் கேட்கப் பெரும் வித்துவான்களும் ஓசையின்றி அமர்ந்திருப்பர். அறைக்கு வெளியே கேளாத அத்துணை மெல்லிய மீட்டு அவருடையது. கொம்பில் பதியும் காலத்தோடு பொறி நின்றிருப்பின் அவ்வீணை நமக்கு மாதவியின் யாழாகவே போயிருக்கும். 1930களில் அவர் முதுமையில் பதிந்த சில தட்டுகளே இன்று அவ்வொலிக்குச் சான்றாக உள்ளன. அவர் பேர்த்தியரான பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகிய மூவரும் அம்மரபை நாவாலும் அபிநயத்தாலும் காத்தனர். குடிவழியும் தட்டும் ஒருங்கே நின்று ஒரு கலையைக் காத்தமைக்கு இக்குடும்பம் எடுத்துக்காட்டு.

இனி, நாடகமேடைப் பாடகர்களை நினைப்போம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை குரல் சென்றாக வேண்டியிருந்தமையால், அவர்கள் இளமை முதலே உயர்ந்த சுருதியில் பாடிப் பழகியவர். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்கள் இரவு முழுதும் பாட்டாகவே நடக்கும். அம்மேடையில் ஒளிவிட்டவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906இல் பிறந்த அவர் 1933இல் தம் 27ஆம் வயதிலேயே மறைந்தார். முதல் தமிழ்ப் பேசும் படமாகிய காளிதாஸ் 1931இல் வெளிவந்தும், கிட்டப்பா எப்படத்திலும் நடித்தாரல்லர். ஆகவே அவர் மேடையில் நின்ற கோலத்தைக் காண நமக்கு வழியில்லை. தட்டில் ஏறிய குரலே அவர் விட்டுச் சென்ற செல்வம். அக்குரல் எழும்பி மேற்சுரத்தில் நிற்கும்போது, இளமையில் அணைந்த ஒரு விளக்கின் ஒளியையே நாம் காண்கின்றோம்.

அவரோடு நடித்து அவரையே கணவராகக் கொண்ட கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அம்மையார், அவர் மறைவுக்குப் பின் வெள்ளுடை பூண்டு, ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்னும் உறுதியும் மேற்கொண்டார். 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராகத் தாமே வேடம் பூண்டார். அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்ட செய்தி. 1953இல் ஔவையாராகத் தோன்றிய பின், தமிழ்ச் சிறார்க்கு ஔவை என்றால் அவ்வம்மையார் உருவமே மனத்தில் எழலாயிற்று. 1980இல் அவர் மறைந்தார். கிட்டப்பாவுக்குத் தட்டு மட்டும் எஞ்சியது. சுந்தராம்பாளுக்குத் தட்டும் படமும் எஞ்சின. நினைவின் அளவும் அதற்கேற்பவே வேறுபட்டு நிற்றல் காண்க.

நாகசுரத்தின் செய்தி வேறு. அது சுவருக்குள் அடங்கும் வாத்தியம் அன்று. வீதியுலாவின்போது நள்ளிரவில் தெருக்கோடி வரை சென்று ஒலிப்பது. திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர். தோடி இராகத்தை மணிக்கணக்காக விரித்து வாசிக்க வல்ல அப்பெருமகனார், தட்டின் இரு பக்கங்களில் ஆறு நிமிடம் போல் அதனைச் சுருக்கித் தந்தார். கடலைக் குடத்தில் அடக்கியது போன்றதே அது. எனினும், குடத்து நீரும் கடல் நீரே அன்றோ! கோயில் வீதிக்கு வந்து கேட்க வாய்ப்பில்லாத எத்தனையோ இல்லங்களில் அத்தோடி புகுந்தது. நரசிங்கன்பேட்டை அரங்கநாத ஆசாரியார் அமைத்துத் தந்த நீண்ட பாரி நாயனத்தை அவர் கையாண்டு நிலைபெறச் செய்ததும், 1940இல் காளமேகம் படத்தில் நடித்ததும் பலரும் அறிந்தனவே.

தட்டு வந்ததனால் கேட்போர் கூட்டமே மாறிற்று. முன்னர் இசை கேட்க அரண்மனையோ கோயிலோ செல்வர் திருமணப் பந்தலோ வேண்டும். இடமும் குலமும் நோக்கி உள்ளே விடுவாரும் விடாதாரும் இருந்தனர். தட்டோ காசு கொடுத்தவர் வீட்டில் எல்லாம் பாடிற்று. வாங்க இயலாதவரும் கடைவாயிலிலும் திருமண வீட்டுத் தெருவிலும் நின்று கேட்டனர். 1930களில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் பிறருடன் கூடி நடத்திய சென்னைச் சரசுவதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளைத் தென்னாட்டில் பரப்பிற்று. 1926இல் பத்து வயதுச் சிறுமியாக எம்.எஸ். சுப்புலட்சுமி தம் அன்னையார் சண்முகவடிவின் வீணையோடு பாடிய தட்டு வெளிவந்தது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் அனைத்திந்திய வானொலி நிலையங்கள் தொடங்கின. 1944இல் வெளிவந்த ஹரிதாஸ் படம் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது; எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாடல்கள் ஏர் உழுவார் நாவிலும் ஏறின. சாதி வேலியும் செல்வ வேலியும் இசைக்குத் தடையாக நின்றதை இப்பொறி ஓரளவு தளர்த்தியது என்பது மறுக்கவொண்ணாத உண்மை.

பின்னர் நெடுநேரத் தட்டும், ஒலிநாடாவும், அவற்றின் பின் பிறவும் வரவே, அரக்குத் தட்டுகள் பரண் ஏறின. கனமும் நொறுங்கும் இயல்பும் உடைய அவற்றைப் பழைய இரும்போடு விற்றவர் பலர். குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தவரும் உளர். பெண்பாற் பாடகர் திறத்தில் மற்றொரு காரணமும் சேர்ந்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. பெண்டிர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையை நீக்க அது வேண்டியதே. ஆயினும் அதனோடு ஊரார் பழிச்சொல்லும் கலந்தமையால், குடும்பங்கள் பல தம் மூதாட்டியரின் கலையைக் குறித்து வாய் திறவாதொழிந்தன. படங்களும் தட்டுகளும் மறைக்கப்பட்டன. ஒழிய வேண்டியது முறை. ஒழிந்துபோனதோ முறையோடு பாட்டியின் பெயரும்.

தட்டு சொல்லாதவற்றையும் சொல்லுதல் நடுநிலையாகும். முதலாவது, அது முழுக் கச்சேரி அன்று. மூன்று நிமிடத்தைக் கேட்டுவிட்டு, பழையவர் விரிவாகப் பாட அறியார் என்று துணிதல் தவறு. இரண்டாவது, நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பிற்காலத்து ஒழுங்கு. தொடக்கக் காலத் தட்டுகள் எல்லாம் அவ்வேகத்தில் பதிந்தவை அல்ல. வேகம் மாறினால் சுருதியும் மாறும். ஆகவே இன்னார் இத்தனை கட்டையில் பாடினார் என்று தட்டைக் கொண்டு மட்டும் வாதிடுவோர் எச்சரிக்கையோடு பேசுக. மூன்றாவது, பாடியவர் பெயரை நடுச்சீட்டில் அச்சிட்ட கம்பெனியார், பிடில் வாசித்தவர், மிருதங்கம் அடித்தவர், தவில் கொட்டியவர் பெயர்களைப் பெரும்பாலும் அச்சிடாமலே விட்டனர். இராசராசன் கல்லில் சங்கு ஊதினார்க்கும் இடம் இருந்தது, குரல் இல்லை. கம்பெனியார் தட்டில் குரலும் தாளமும் நிற்கின்றன. தாளம் இட்டவர் பெயர் இல்லை. கல்லின் குறையைத் தட்டு நீக்கிற்று. தட்டின் குறையை நீக்குவார் யார்?

இன்று இளைஞர் பலர் கைபேசியைக் காதில் வைத்து, சேகரிப்போர் சிலர் இணையத்தில் ஏற்றிய இப்பழம் பதிவுகளைத் தாமே தேடிக் கண்டு மகிழ்கின்றனர். எம் மாணாக்கருள் ஒருவன் கிட்டப்பாவின் குரலைக் கேட்டு, “இவர் புதிதாக வந்த பாடகரா?” என்று வினவினான். யாம் நகைத்தோமில்லை. கேளாத செவிக்கு எவ்விசையும் புதிதே. தொண்ணூறு ஆண்டு பழமையான குரலைப் புதிய குரலாகக் கேட்கும் பேறு நம் முன்னோர் எவர்க்கும் வாய்த்ததன்று. யாழைப் பற்றி விடை சொல்ல இயலாத யாம், நாகசுரத்தைப் பற்றியும் வீணையைப் பற்றியும், “இதோ, கேள்” என்று சொல்ல முடிகின்றது. ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இதனினும் பெரிய உதவி வேறு யாது?

ஆகவே நம் சங்கத்து அன்பர்க்கு யாம் வேண்டிக்கொள்வன சில. வீட்டுப் பரணில் பழைய தட்டு உளதாயின் அதனை எறியாதீர்கள். வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க அடுக்கினால் கோணும். அழுக்கு நீக்க ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள். அஃது அரக்கையே கரைத்துவிடும். தேய்ந்த ஊசியால் ஓட்டிப் பார்க்கவும் வேண்டா. நடுச்சீட்டில் உள்ள பெயரையும் எண்ணையும், வரிகளுக்கும் சீட்டுக்கும் இடையே பொறித்துள்ள எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பதிந்த காலத்தை அறிய அவ்வெண்ணே துணை. பின்னர் ஒலியைப் பெயர்த்தெடுக்க வல்ல நூலகத்தாரிடமோ சேகரிப்போரிடமோ காட்டுங்கள்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று. அத்தட்டைக் கேட்டு, “இது இன்னார் வாசித்த தவில்; இவர் எங்கள் பெரியப்பா” என்று சொல்ல வல்ல முதியோர் இன்னும் சில இல்லங்களில் உளர். தட்டு பரணில் இன்னும் சிலகாலம் கிடக்கும். அவர் நினைவு அவ்வளவு காலம் காத்திராது. தாளும் எழுதுகோலும் கொண்டு அவரருகே அமருங்கள். பாடியவர் பெயரோடு உடன் வாசித்தவர் பெயரையும், ஊரையும், ஆசிரியரையும், பாட்டிமார் பெயரையும் நாணாது கேட்டு எழுதுங்கள். எழுதியதை நம் இதழுக்கு அனுப்பினால் அச்சிட்டுக் காப்போம். சோழன் கற்சுவரில் செய்த பணி அது. அதனை ஒரு தாளில் செய்ய நம்மாலும் இயலும். அதனை இத்திங்களே தொடங்குவோமாக.